ஐஸ்பெட்டியர் வளர்த்த பனிக்காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உறைபனிக்காலம் கிடையாது என்று எழுதிவைத்த புவியியலாளர் எவரும் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்கு வந்து பார்த்தவரல்லர். சோழகம், வாடை, கச்சான் என்று காற்றுகளுக்கெல்லாம் பெயர் சூட்டிய நம் முன்னோர் உறைபனிக்குப் பெயர் சூட்டாமல் விட்டது, அவர்கள் காலத்தில் ஐஸ்பெட்டியர் பிறந்திராத ஒரே காரணத்தினால் ஆகும். சுன்னாகம் சந்தைக்கு அப்பால், வெங்காயத் தோட்டங்களுக்கும் எங்கள் முருகன் கோயிலுக்கும் நடுவே, ஒரு முழுப் பனிக்காலத்தைத் தனியொருவராக நின்று நடத்தி முடித்த மனிதர் அவர்.

அவரைப்பற்றி நான் எழுதுவதற்குச் சென்ற ஆண்டு கந்தசஷ்டியின்போது ஊரில் எழுந்த ஒரு கதையும் காரணமாகும். கோயில் பரிபாலன சபைத் தலைவரும் ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபருமான ஒருவர், விரதத்தின் ஐந்தாம் நாள், மீன்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் போனார் என்பது அந்தக் கதை. அந்த ஒருவர் நான். மீன்பெட்டி உண்மை, மடி உண்மை, ஓட்டோவும் உண்மை. ஆயினும் அவை மூன்றும் சேர்ந்து முழு உண்மை ஆகா.

ஐஸ்பெட்டியர் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு மதில். ஆள் உயரம் குறைவு, குரல் மிகுதி. எந்தக் காரியத்தையும் அளவோடு செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஒருமுறை ஓர் எலியைப் பிடிப்பதற்காகத் தம் வீட்டுக் கூரை ஓடுகள் அனைத்தையும் இறக்கினார். எலி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்னொருமுறை, கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்க்கிறது என்று அவருடைய மனைவி தங்கம் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஒழுங்கையிலுள்ள எல்லாக் கிணறுகளிலும் நீர் அள்ளி வந்து, போத்தல்களில் நிரப்பி, வருவோர் போவோரையெல்லாம் மறித்துக் குடிக்கச் செய்து, தரவரிசை ஒன்றை வெளியிட்டார். என் கிணறு மூன்றாவதாக வந்தது. அந்த முடிவை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரு தம்பி உண்டு, சுவிஸில் வசிப்பவர். எல்லையில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் எந்தக் கொப்பு எவருக்கு என்று தொடங்கிய வாக்குவாதம் முற்றி, ஒருநாள் தம்பியார் முற்றத்தின் நடுவே நின்று, "இனி இந்த வீட்டிலை கை நனைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். எங்கள் பகுதியில் இதனினும் கடுமையான சொல் கிடையாது. கை கழுவிச் சோற்றில் கை வைக்காதவன் அந்த வீட்டுக்குப் பிறத்தியான். பின்னர் ஒரு பெருங்காற்றில் மாமரம் சாய்ந்தது. கோபம் சாயவில்லை. தம்பியார் ஊருக்கு வந்த போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் ஹொட்டலில் தங்கினார். தமையன் வீட்டு வாசற் படலையடியில் நின்று சுகம் விசாரித்தார். ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் குடியாமல் திரும்பினார். தமையனார் படலையைப் பிடித்தபடி மழையைப்பற்றியும் வெங்காய விளைச்சலைப்பற்றியும் உரத்த குரலில் கதைப்பார். தம்பியார் போனபின் அன்றைய மத்தியானச் சோற்றை அவரும் தொடுவதில்லை. இதைத் தங்கம்தான் என் மனைவியிடம் சொன்னார்.

சென்ற ஆண்டு ஆவணியில் சுவிஸிலிருந்து வந்த உறவினர் ஒருவர், கம்பளிக் காலுறை ஒன்றைத் தம்பியார் தந்ததாகக் கொடுத்துவிட்டுப் போனார். காலுறைக்குள் ஒரு செடி இருந்தது. தேநீர்க் கோப்பையின் வாயளவு, விரிந்த தாமரை போன்ற அடுக்கு, சதைப்பற்றான இலைகள், கோழியைச் சூழ்ந்த குஞ்சுகள்போலச் சுற்றிவரச் சின்னஞ்சிறு கன்றுகள். தாவரவியலார் இதனைச் செம்பர்விவம் என்பர். எப்பொழுதும் உயிரோடிருப்பது என்பது பொருள். எங்கள் கல்லூரியில் இலத்தீன் கற்ற கடைசி வகுப்பில் நானும் ஒருவன். ஒழுங்கை அதனைச் சுவிஸ் கள்ளி என்றது.

அன்று மாலையே தொலைபேசி வந்தது. மனேச்சர் தொலைபேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுக் கதைப்பவர் ஆதலால், இரு சகோதரரின் உரையாடலையும் ஒழுங்கை முழுவதும் நின்று கேட்டது.

"அண்ணை, உது இஞ்சை மலையிலை பனிக்குள்ளை கிடந்து தப்புற சாமான். பனிக்காலம் முழுக்க நித்திரை கொள்ளும், பேந்து முழிக்கும். உன்ரை கையிலை எண்டால் தீவாளி தாண்டாது."

"என்ரை கையிலை தாண்டாதோ? சங்கக்கடையிலை பூச்சி பிடிச்ச பயறையே ஒரு வருசம் வைச்சு வித்தவன் நான்!"

"அப்ப சரி. மாரி முடிய, தைக்கு வாறன். உது உயிரோடை கிடந்தால் உன்ரை வீட்டிலை கை நனைக்கிறன். செத்தால் ஹொட்டல்தான்."

மனேச்சரின் குரல் திடீரென்று இறங்கியது. "ரிக்கற் எடுத்திட்டியோ?"

"இன்னும் இல்லை. உது எப்பிடிப் போகுதெண்டு பாத்துத்தான் எடுப்பன். உன்னை நம்பேலாது, செத்ததை எறிஞ்சுபோட்டு வேறொண்டைக் கொண்டுவந்து வைப்பாய். மாஸ்ரர் பாத்துச் சொல்லவேணும். அவர் பொய் சொல்லமாட்டார்."

இவ்வாறு நான் நடுவராக்கப்பட்டேன். என் சம்மதம் கேட்கப்படவில்லை. எனினும், என் வாய்மையைப்பற்றிய அத்தகைய கூற்று ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டுவிட்ட பின்னர் மறுப்பது முறையன்று எனக் கருதினேன்.

ஐப்பசி பிறந்தது, மழை இறங்கியது. மனேச்சர் செடிக்கு முதலில் ஒரு குடை பிடித்தார். பின்னர் அந்தக் குடைக்கு ஒரு குடை பிடித்தார். சாரல் பக்கவாட்டில் அடித்தபோது தங்கத்தின் சேலையால் திரை கட்டினார். ஈரத்தை உலர்த்த மேசைமின்விசிறி வைத்தார். இத்தனைக்கும் பிறகு குஞ்சுகள் ஒவ்வொன்றாக அழுகிக் கூழாயின. தாய் மட்டும் எஞ்சியது. அவர் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அதுக்கு ஈரம் கூடாது அண்ணை. குளிர்தான் வேணும். இஞ்சை மேலை மலையிலை இப்ப ஐஸ்" என்றார் தம்பியார், வேலைக்கு நேரமாயிற்றென்று வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் மனேச்சர் வீட்டுக் குசினியில் பாத்திரங்கள் உருண்டன. மதிலுக்கு மேலால் தங்கத்தின் தலை தெரிந்தது.

"மாஸ்ரர், ஒருக்கா வந்து பாருங்கோ. இந்த மனுசனுக்கு விசர் முத்திப்போச்சு."

நான் சென்று பார்த்தேன். பால், தயிர், தோசைமா, கத்தரிக்காய் யாவும் வெளியேற்றப்பட்டு மேசைமேல் அகதிகளாக நின்றன. குளிர்சாதனப்பெட்டியின் நடுத் தட்டில், மடித்த துவாயின்மேல், சுவிஸ் கள்ளி மட்டும் அரசவையில் இருப்பதுபோல் இருந்தது.

"என்ன காணும் செய்யிறீர்?" என்றேன்.

"உஸ்! மெதுவாக் கதையுங்கோ மாஸ்ரர். இப்பதான் படுத்தது."

"செடிக்குக் காது இல்லை."

"சுவிஸ் சத்தமில்லாத நாடாம். பழகின பழக்கம் விடாதெல்லோ?"

தங்கம் அகப்பையை மேசையில் வைத்தார். "நான் இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவு காலம்? நான் நித்திரை கொள்ளேக்கை ஒரு நாளெண்டாலும் இந்த மனுசன் மெதுவாக் கதைச்சிருக்குமோ, கேளுங்கோ மாஸ்ரர்!"

அன்றுமுதல் அந்த வீட்டில் பனிக்காலம் தொடங்கியது. காலையில் ஒரே ஒருமுறைதான் பெட்டி திறக்கப்படும். திறப்பதற்குமுன் மனேச்சர், நுவரெலியாவுக்குப் போனபோது வாங்கிய சுவெட்டரை அணிவார்; கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுப்பார். குடாநாட்டு வெக்கையில் வேர்வை தாடையால் வடிய, கதவைக் கையகலம் திறந்து, மூச்சை அடக்கி, உள்ளே பார்த்து, மூடுவார். சுவெட்டர் எதற்கென்று நான் வினவினேன். "வேறை தேசத்துக்குள்ளை போகேக்கை அந்தத் தேசத்து உடுப்போடைதானே போகவேணும்?" என்றார்.

கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் குளிர்ந்த தண்ணீர் கேட்டார். மனேச்சர் உதட்டில் விரலை வைத்து, "பிறிட்ஜைத் திறக்கேலாது. தம்பியின்ரை ஆள் உள்ளை படுத்திருக்கு" என்றார். உறவினர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாசலைப் பார்த்தார். இருவரும் தேத்தண்ணி வருமுன் புறப்பட்டுவிட்டனர்.

வெளியேற்றப்பட்ட பாலும் தயிரும் என் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் அடைக்கலம் புகுந்தன. அதை நான் அனுமதித்தேன். ஆனால், வாங்கிய நாள்முதல் மச்சம் மாமிசம் காணாத பெட்டி அது. ஒருநாள் தங்கம் மூடியிட்ட சட்டியொன்றை மதிலுக்கு மேலால் மிகுந்த பணிவோடு நீட்டினார். மூடியைத் திறவாமலே நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பணிவே எனக்குப் போதிய சான்றாக இருந்தது.

பெயரை வைத்தவர் பால்காரர். காலையில் ஊற்றிய பால் வெளியில் இருந்து திரிந்துபோவதால், மாலையிலும் வந்து ஊற்ற வேண்டிய நிலை அவருக்கு. சைக்கிள் மணியை அடித்து, படலையடியில் நின்று, "ஐஸ்பெட்டியர்! பால்!" என்று கூவினார். ஒரு வாரத்துக்குள் மனேச்சர் என்ற பெயர் ஒழுங்கையிலிருந்து மறைந்தது.

சனிக்கிழமைதோறும் நான் செடியைப் பரிசோதித்தேன். தொடுவேன்; இலைகள் இறுக்கமா என்று பார்ப்பேன்; ஒன்றும் சொல்லாமல் திரும்புவேன். தீபாவளி வந்தது; போனது. ஐஸ்பெட்டியர் வெடி கொளுத்தி ஒலிபெருக்கியில் தம்பிக்கு அதைக் கேட்கச் செய்தார். சற்று நேரத்தில் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எப்போதும் இல்லாத வண்ணம் குரல் அடங்கியிருந்தது.

"மாஸ்ரர்... தைக்கு ரிக்கற் கிடக்கோ எண்டு பாக்கிறானாம்."

சுவெட்டரின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கந்தசஷ்டியின் நான்காம் நாள் புயல் வந்தது. வாடை ஒழுங்கைக்குள் புகுந்து வாழைகளை முறித்தது, கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் நின்றது. ஐஸ்பெட்டியர் பெட்டியின் கதவைக் கிணற்றுக் கயிற்றால் சுற்றிக் கட்டி, அதன் முன்னே வாங்கு ஒன்றைப் போட்டு, முதுகால் கதவை அழுத்தியபடி அமர்ந்துவிட்டார். மறுநாட் காலையும் கரண்ட் வரவில்லை. நான் தோய்ந்து, திருநீறு தரித்து, பால் மட்டும் அருந்திக் கோயிலுக்குப் புறப்பட்ட வேளை, தங்கம் மதிலடியில் நின்றார். இம்முறை அவர் பகிடியாக ஒன்றும் சொல்லவில்லை.

"மாஸ்ரர், மனுசன் உங்களைத்தான் கேக்குது. திறந்து பாக்கப் பயப்பிடுது."

கயிற்றை நானே அவிழ்த்தேன். உள்ளே குளிர் இல்லை. நனைந்த துணியின் புழுக்கம் இருந்தது. சுவிஸ் கள்ளியின் வெளியடுக்கு இலைகள் கண்ணாடிபோல் ஒளிபுகுந்து, தொட்டதும் நழுவின. உள்ளடுக்கை விரலால் அழுத்தினேன். இறுக்கமாக இருந்தது.

"நடுவர் சொல்லுங்கோ மாஸ்ரர். முடிஞ்சுதோ?" சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"வெளி அழுகுது. நடு இன்னும் உயிர். இந்த வெக்கையிலை கிடந்தால் நாளைக்கு நடுவும் போயிடும்."

தங்கம் மெல்ல வாய் திறந்தார். "இஞ்சருங்கோ... பின்வளவிலை உதைப்போலை ஒரு கத்தாழைக் கண்டு கிடக்கு. ஆருக்குத் தெரியப்போகுது?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நான் சும்மா சொன்னனான் மாஸ்ரர்."

"வேண்டாம்" என்றார் ஐஸ்பெட்டியர். "செத்ததெண்டால் செத்ததுதான். அவன் வழமைபோலை படலையிலை நிண்டிட்டுப் போகட்டும்."

ஐஸ் வேண்டும் என்று நான் சொன்னேன். ஓட்டோக்கார யூட்டை அழைத்தோம். சுன்னாகத்தில் கூல்பார்கள் எல்லாம் உருகிப்போய்ப் பூட்டிக் கிடப்பதாகவும், சொந்த எஞ்சினில் ஓடுகிற ஐஸ் ஆலை பருத்தித்துறையில்தான் உண்டென்றும் யூட் சொன்னார்.

"ஆனால் இந்த நேரம் படகுக்காரருக்கு மட்டும்தான் குடுப்பினம். ஆரும் பெரியாக்கள் வந்து கதைச்சால்தான் உண்டு. அங்கை நிக்கிற மனேச்சர் உங்களிட்டைப் படிச்சவர் சேர். நீங்கள் வந்தால் காரியம் முடியும்."

நான் வேட்டி சால்வையோடு, விரதத்தின் ஐந்தாம் நாளில், கோயிலுக்குப் புறப்பட்டு நின்றேன். ஐஸ்பெட்டியர் மறுபடியும் வாங்கில் அமர்ந்து கதவுக்கு முதுகு கொடுத்துவிட்டார். குளிர் இல்லாத பெட்டியின் கதவை அழுத்திக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தேன். ஓட்டோவில் ஏறினேன்.

முறிந்த கொப்புகளையும் தேங்கிய வெள்ளத்தையும் தாண்டிப் பருத்தித்துறையை அடைந்தோம். படகுகள் கரையேற்றப்பட்டிருந்தன. ஆலை வாசலில் கூடிநின்றவர்கள் என் திருநீற்றைக் கண்டு வழிவிட்டனர். விட்ட வழி நேராக மீன்குவியலின் நடுவே சென்றது. என் பழைய மாணவன் ஓடிவந்தான்.

"சேர்! நீங்களோ! இஞ்சையோ!"

"ஐஸ் வேணும் தம்பி."

"மீனுக்கோ சேர்?"

"இல்லை. ஒரு செடிக்கு."

அவன் என் நெற்றியைப் பார்த்தான். மீன்குவியலைப் பார்த்தான். பின்னர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "விளங்குது சேர். செடி எண்டே வைப்பம். ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

இவன் வகுப்பிலும் எதையும் முதல்முறை விளங்கிக்கொண்டவன் அல்லன். நான் மறுபடியும், பனிமலைத் தாவரங்களின் உறக்கநிலைபற்றித் தெளிவாக எடுத்துரைத்தேன். அவன் கைகட்டிக் கேட்டான். முடிவில் கண்கலங்க, "அஞ்சு நாள் பாலோடை கிடந்தால் உடம்பு கேக்கும்தானே சேர். இந்த வயசிலை" என்றான். மீன் வைக்கும், பாரமற்ற வெள்ளை ரெஜிபோம் பெட்டியொன்றில் தானே உள்ளே சென்று ஐஸ் நிரப்பி, தானே மூடி, தானே கொண்டுவந்து, என் மடியில் வைத்தான். ஓட்டோவின் தளத்தில் வெள்ளம் நின்றதால் மடியைத் தவிர வேறிடம் இல்லை.

திரும்பும் வழியில் கோயிற் சந்தியில் வேப்பமரம் ஒன்று வீதிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஓட்டோ நின்றது. மத்தியானப் பூசை முடிந்து அடியார்கள் வெளியே வந்த நேரம். எங்கள் சபைச் செயலாளர் குடையுடன் அணுகினார். அவருக்குமுன் அவருடைய மூக்கு அணுகியது.

"ஐயாவைப் பூசையிலை காணேல்லை எண்டு யோசிச்சம். பெட்டிக்குள்ளை என்ன?"

"ஐஸ்."

"ஐசுக்குள்ளை?"

"ஐஸ்" என்றேன். நான் அறிந்தமட்டில் அது உண்மை. பெட்டியின் மூலையிலிருந்து நீர் என் வேட்டியில் சொட்டியது. ஓட்டோவின் பின்னால் இரண்டு பூனைகள் வந்து அமர்ந்திருந்தன. கூரைமேல் ஒரு காகம் இறங்கி நடந்தது.

ஒரே வசனத்தில் என்னை நான் விடுவித்திருக்கலாம். ஆனால், செடி சாகக் கிடக்கிறது என்று சொல்லாமல் ஐஸின் காரணத்தைச் சொல்ல வழியில்லை. செயலாளரின் மைத்துனர் சுவிஸில், அந்தத் தம்பியாரின் ஊரிலேயே இருக்கிறார். நான் இங்கே வாய் திறந்தால் சாயங்காலத்துக்குள் அங்கே செய்தி போகும், செத்துவிட்டது என்றே போகும், ரிக்கற் எடுக்கப்படாது. மேலும், ஆட்டம் முடியுமுன் நடுவர் வாய் திறப்பது எந்த ஆட்டத்திலும் வழக்கமன்று. எனவே சால்வையைச் சரிசெய்துகொண்டு நேரே பார்த்தபடி இருந்தேன். மரத்தை அகற்றும்வரை கோயிற்சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. ஒரு தலைமுறைக்காலம் நான் கட்டிக்காத்த பெயர் அந்தச் சந்தியில் ஐசைவிட வேகமாக உருகியது.

ஐஸ்பெட்டியரின் குசினியில் மூடியைத் திறந்து மேற்பரப்பு ஐசை அள்ளினோம். கீழே, கண் விழித்தபடி, முழங்கை நீளத்தில் ஒரு விளைமீன்.

"ஐயோ, என்ன வடிவான மீன்!" என்றார் தங்கம், உடனே விரதம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அது என் மாணவனின் குருபக்தி. நான் கண்களை மூடிக்கொண்டேன். யூட்தான் காரியத்தை முடித்தார். "எனக்கு விரதமில்லை சேர். நான் கொண்டுபோறன்." மீன் அதே ஓட்டோவில், பையிலிருந்து வாலை வெளியே நீட்டிக்கொண்டு, அதே கோயில் வீதியால் போனது.

ஐசைக் கழுவிப் பொலித்தீன் பைகளில் கட்டிக் கீழ்த்தட்டில் அடுக்கினோம். ஐஸ்பெட்டியர் அழுகிய இலைகளை ஒவ்வொன்றாக அகற்றினார். எலிக்காகக் கூரையையே இறக்கிய அந்தக் கைகளில் அத்தனை மென்மை இருக்குமென்று நான் எண்ணியதில்லை. மிஞ்சியது சட்டைப் பொத்தானளவு ஒரு நடு.

அடுத்த நாள் சூரன்போர். வீதியில் சூரனின் தலை விழவும் ஊருக்குக் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. செயலாளர் என் பக்கத்தில் நின்று, "ஐயா, விரதம் முடிச்சுப் பாறணைக்கு என்ன கறி?" என்று மிக இனிமையாகக் கேட்டார். "வழமையானது" என்றேன். அப்போது சனத்தைப் பிளந்துகொண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியுமாக ஓர் உருவம் ஓடிவந்தது. சூரனுக்கு இப்படியும் ஒரு வேடம் உண்டோ என்று பிள்ளைகள் பின்வாங்கினர். உருவம் என் காதில் வாயை வைத்தது.

"நடு இறுக்கமாக் கிடக்கு மாஸ்ரர்!"

ஊர்க்கதை அவர் காதுக்கு எட்டியபோது அவர் பாதிச் சவரத்துடன் என் வீட்டுக்கு வந்தார். "என்னாலை உங்கடை பேர் கெட்டுப்போச்சு. இப்பவே சந்தியிலை நிண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"தம்பி ரிக்கற் எடுத்திட்டாரோ?"

"இன்னும் இல்லை..."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரும் காணும்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது அந்தச் செடி உயிர்பிழைத்ததிலும் பெரிய அதிசயம்.

தையில் தம்பியார் வந்தார். வழக்கம்போலப் படலையடியில் நின்றார். ஐஸ்பெட்டியர் செடி நின்ற சட்டியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தில் நின்றார். தங்கம் குசினி யன்னலில். ஒழுங்கையில் அன்று எல்லோருக்கும் அந்தப் பக்கமாக அலுவல் இருந்தது.

"மாஸ்ரர், நீங்கள் சொல்லுங்கோ" என்றார் தம்பியார்.

"நீர் அனுப்பின அதே செடிதான். இளைச்சுப் போச்சு. உயிரோடை இருக்கு."

தம்பியார் எட்டிப் பார்த்தார். பொத்தானளவு நடுவின் பக்கத்தில், இளஞ்சிவப்பாய், ஒரு புதுக் குஞ்சு தலைநீட்டியிருந்தது.

"எங்கை அண்ணை வைச்சிருந்தனி?"

"பிறிட்ஜிலை."

"பிறிட்ஜிலையோ! விசரே உனக்கு? மழை படாமல் ஓட்டுக்குக் கீழை காத்துப்பட வைச்சிருந்தால் காணுமே!"

ஒழுங்கை படலைக்கு இன்னும் ஓரடி நெருங்கியது.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடா!"

"நீ கேட்டனியோ? மாமரத்திலையும் இதே கதைதான். நீயாத்தானே எல்லாம்—"

மாமரம் என்ற சொல் விழுந்தது. ஐஸ்பெட்டியரின் முகம் சிவந்தது. அவர் வாய் திறப்பதை நான் கண்டேன். அந்தக் கணத்தில் குசினி யன்னலிலிருந்து தங்கத்தின் குரல் வந்தது.

"அப்ப என்ரை தயிர் மாரி முழுக்க மாஸ்ரர் வீட்டிலை கிடந்தது சும்மாவோ?"

முதலில் சிரித்தவர் தம்பியார். பின்னர் அவர் சப்பாத்தைக் கழற்றினார். படலையைத் தாண்டினார். நேரே கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி, கையை அதில் வைத்தபடி, தேவைக்கு அதிகமான நேரம் குனிந்து நின்றார்.

"அண்ணி, சோத்தைப் போடுங்கோ" என்றார் நிமிராமலே.

அன்று அந்த வீட்டில் விளைமீன் குழம்பு. நான் என் வீட்டில் உண்டேன். மதிலுக்கு மேலால் இரண்டு உரத்த குரல்கள் மாமரத்தைப்பற்றி வாதாடுவது மாலைவரை கேட்டது. இடையிடையே கறிக்கு உப்புக் காணாது என்பதில் அவை ஒத்துப்போயின.

அதன்பின் நான் செயலாளரிடம் நடந்ததை விளக்கினேன். "செடி எண்டே வைப்பம் ஐயா" என்றார் அவரும். எனவேதான் இதை அச்சில் தருகிறேன்.

இந்த ஆண்டு மாரி தொடங்குமுன் தம்பியார் தமையனாரையும் தங்கத்தையும் உண்மையான பனியைக் காட்டுவதற்காகச் சுவிஸுக்கு அழைத்துக்கொண்டார். புறப்படும் நாளில் ஐஸ்பெட்டியர் சட்டியை என்னிடம் ஒப்படைத்தார். தாயைச் சுற்றி இப்போது நிறையக் குஞ்சுகள்.

"ஓட்டுக்குக் கீழை வைச்சால் காணுமெண்டு தம்பி சொல்லுவான் மாஸ்ரர். அவன்ரை கதையை விடுங்கோ. அவனுக்கு உதின்ரை குணம் தெரியாது."

அறிவியல் தம்பியாரின் பக்கமே நிற்கிறது. நூல்களைப் பார்த்து அதனை உறுதிசெய்துகொண்டேன். ஆயினும் இன்று என் வீட்டு மேசையில் பாலும் தயிரும் தோசைமாவும் வெளியில் நிற்கின்றன. என் மனைவி என்னோடு அளவாகவே கதைக்கிறார்.

நேற்று மாலை பால்காரர் மணியை அடித்து, என் படலையடியில் நின்று, "ஐஸ்பெட்டியர்! பால்!" என்று கூவினார். திருத்துவதற்காக வாசல்வரை போனேன். அடுத்த வீட்டு முற்றம் வெறுமையாகக் கிடந்தது.

"ஓம், வாறன்" என்றேன். "மெதுவாக் கதையும். உள்ளை படுத்திருக்கு."